குளியலறையிலிருந்து பத்து மீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இவர் ட்ரில் மிஷினைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டார். கட்டிலுக்கடியில் தேடினார், செருப்பு அலமாரியில் தேடினார், சின்னவனின் பொம்மைக் கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் நடைவழிக்கு வந்து குளியலறைப் பக்கம் திரும்பினார். நான் உள்ளே பின்சுவரை ஒட்டி, கதவை அகலத் திறந்துவைத்து, இடக்கையை இடுப்பில் செருகி, வலக்கையை நீட்டி நின்றுகொண்டிருந்தேன். நீட்டிய கையில் ட்ரில்.

"அது என் பொழப்பு" என்றார்.

"ரெண்டே ஷாட். தந்துடறேன்."

இரண்டு என்றால் பத்து என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது தெரியாதவரா? சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

துப்பாக்கி சுடுபவர்கள் தினமும் எழுத வேண்டும் என்று கிளப்பில் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பயிற்சி, கை எப்படி, மனம் எப்படி. எழுதுகிறேன். கை நன்றாக இருக்கிறது. மனம் தலைகால் புரியாமல் இருக்கிறது.


மார்ச் 4, புதன்

மாஸ்டர் இதைப் படித்தால் ட்ரில் எதற்கு என்று கேட்பார். சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது காற்றுத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி வகை. "என்னுடையது" என்று எழுதக் கை கூசுகிறது. கிளப்பின் வாடகைத் துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என் கைக்கு வரும், வீட்டுக்கு வராது. ஒவ்வொரு தடவை போய்ச் சுடும்போதும் நின்ற இடத்துக்குக் கட்டணம், துப்பாக்கிக்கு வாடகை, அது தின்கிற குட்டி ஈயக் குண்டுக்குத் தனிக் காசு. அந்தக் குண்டு டப்பா பார்க்கப் பொட்டு டப்பா அளவுதான் இருக்கும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

அதனால் வீட்டில் ட்ரில். எடை கிட்டத்தட்ட அதே. பிடியும் அதே, விரல் போடும் விசையும் அதே இடத்தில். முனையில் ஒரு தீக்குச்சியை டேப் போட்டு நிறுத்தி, துப்பாக்கி முனையில் குறி பார்க்க இருக்கும் முள்ளாக்கிக்கொண்டேன். ப்ளக் செருகாமல் நீட்டிப் பிடித்து, மூச்சை விட்டு, விசையை அழுத்துவது. சத்தமில்லை, செலவில்லை, கொஞ்சம் சிமெண்ட் வாசனை மட்டும் வரும்.

இலக்கு பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நேர்கோட்டில் பத்து மீட்டர் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. குளியலறையின் பின்சுவரில் தொடங்கி, நடைவழி வழியாக, கூடத்தைக் கடந்து, பால்கனிக் கதவு வரை. இவர் டேப்பை வைத்து அளந்து அது பத்தைத் தொட்டபோது நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து என்ன விழுந்தது என்று கேட்டார். பால்கனிக் கதவில் என் பழைய கோட்டிலிருந்து பிய்த்த கறுப்புப் பொத்தானை ஒட்டினேன். அதுதான் இலக்கு.

வீட்டில் ஒரு சட்டம்: அம்மாவின் கை நீண்டிருக்கும்போது கோட்டைக் குறுக்கே கடக்கக் கூடாது. அவசரமென்றால் தவழ்ந்து போகலாம். சின்னவன் இப்போது அவசரமே இல்லாமல் தவழ்ந்து போகிறான்.


மார்ச் 8, ஞாயிறு

கிளப்! ஆறு நாள் காத்திருந்த கிளப்.

மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பெயர் மூச்சு மாஸ்டர். எதைக் கேட்டாலும் "மூச்சு" என்பார். குண்டு மேலே போனாலும் மூச்சு, கீழே போனாலும் மூச்சு. ஒருமுறை கிளப்பின் தண்ணீர்க் குழாய் ஓடவில்லை என்று சொன்னதற்கும் வாய் தவறி "மூச்ச விடுங்க" என்றார்.

இன்று முதல் பத்து குண்டு அழகு. அப்புறம் பழைய கதை. எல்லாம் இடப்பக்கம் ஒழுகுகிறது. முள் நடுவில்தான் நிற்கிறது, சத்தியமாக நடுவில்தான் நிற்கிறது, விசை விழும் நேரத்தில் கை தானாக இடதுபுறம் நகர்கிறது. பக்கத்து இடத்தில் பல் டாக்டர் சுடுகிறார். எங்கள் பெரியவளின் பல்லைப் பார்த்து "கம்பி போட்டே ஆகணும்" என்ற அதே பல் டாக்டர்தான். அவர் குண்டுகளெல்லாம் நடுவில் ஒரே ஓட்டையாகப் போய் விழுகின்றன. மனுஷன் வாழ்நாள் முழுக்க ஓட்டையையே பார்த்துப் பழகியவர்.

சுட்டு முடித்தால் ஈயம் போகக் கை கழுவ வேண்டும். கிளப் குளியலறையில் எப்போதும் குளம்தான். தண்ணீர் போகாமல் நடுவில் தேங்கி நிற்கும். கால் விரலில் நின்று, பைஜாமாவை வழித்துக்கொண்டு, கை கழுவித் திரும்புவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.


மார்ச் 9, திங்கள்

பேக்கரியில் மூன்று கல்யாண கேக். கை முழுக்க க்ரீம். நான் போடும் ரோஜா இதழுக்கு எங்கள் முதலாளியம்மா என் கையை முத்தமிடாத குறை. இந்தக் கைதான் என்னை இந்த வம்பில் மாட்டிவிட்டது.

போன வருஷம் கிளப்பின் ஆண்டு விழாவுக்கு கேக் கொண்டுபோனேன். இறக்கிவைத்துவிட்டு ரசீதுக்குக் காத்திருந்தேன். "விருந்தாளிக்கு அஞ்சு குண்டு இலவசம், சும்மா சுட்டுப் பாருங்க" என்றார் மாஸ்டர். சும்மா சுட்டேன். மூன்றாவது குண்டு பட்டென்று நடுவில் விழுந்தது. அவ்வளவுதான், குடி முழுகிப்போனது. ரசீது வாங்காமலே வந்துவிட்டேன்.

இலவசமாகக் கொடுத்த ஐந்து குண்டுக்கு இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.


மார்ச் 14, சனி

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது. சிரித்தால் இவர் முறைக்கிறார்.

சுடும்போது கண் முள்ளின் மேல்தான் இருக்க வேண்டும். இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும். இலக்கைப் பார்ப்பவர் தோற்பார் என்பது முதல் பாடம். நான் ஒழுக்கமான மாணவி. இன்று மதியம் குளியலறையில் நின்று தீக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் கறுப்பாக மங்கல். இன்றைக்குப் பொத்தான் கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறதே, நல்ல சகுனம், மனம் ஒருமைப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். மூச்சை விட்டேன். அழுத்தினேன். பொத்தான் திரும்பி என்னைப் பார்த்து அலறியது.

நாத்தனார். இவருடைய அக்கா. சின்னவன் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். அவர் பால்கனிக் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவ்வளவு நேரமும் குறி பார்த்தது அவருடைய கொண்டையை.

டீ கொட்டி, கோப்பை உடைந்து, கீழ்வீட்டுக்காரர் மறுபடி ஏறி வந்து, அமளி. "அண்ணி, அது ட்ரில்தான், ப்ளக்கே இல்ல" என்று வயரைத் தூக்கிக் காட்டினேன். சின்னவன் வேறு "அத்தை, நீங்க தவழ்ந்து வந்திருக்கணும்" என்றான்.

எல்லாம் அடங்கிய பிறகுதான் நாத்தனார் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் உறைத்தது.

"புள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி போடணும்னு போன வருஷமே சொன்னியே. அது என்ன ஆச்சு?"

உடைந்த கோப்பையைக் குனிந்து பொறுக்கினேன். பெரியவள் சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கிறாள். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் போன மாதம் இரண்டு டப்பா குண்டு வாங்கினேனா? ஆமாம். வாங்கினேன்.


மார்ச் 15, ஞாயிறு

கிளப் போய்வந்து இவரோடு பேசினேன். இவர் சண்டைக்காரர் இல்லை. டைல்ஸ் ஒட்டுகிறவர், எதையும் ஒருமுறைக்கு இருமுறை தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு வருஷம் மட்டும் என்று நானே சொன்னதை நினைவுபடுத்தினார். அந்த வருஷம் ஏப்ரலோடு முடிகிறது.

ஏப்ரல் 26 கிளப்பின் தேர்வுப் போட்டி. முதல் நான்கு பேர் அணிக்குப் போவார்கள். அணியில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷம் எல்லாம் இலவசம். இடம், துப்பாக்கி, குண்டு, எல்லாம். அப்படியென்றால் என் காசு முழுக்கக் கம்பிக்குப் போகும், நானும் சுடலாம். நான்குக்குள் வராவிட்டால் கிளப்புக்கு ஒரு கும்பிடு, காசு கம்பிக்கு. எப்படியும் கம்பி உண்டு. நான் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி.

"சரியா?" என்றேன். "சரி" என்றார். கை குலுக்கிக்கொண்டோம். சிமெண்டும் க்ரீமும் ஒப்பந்தம் போட்டாயிற்று.

கதவோரம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவள், "அம்மா ஜெயிச்சா எனக்குக் கம்பி கிடையாதுதானே?" என்றாள். ஜெயித்தாலும் உண்டு, தோற்றாலும் உண்டு என்றேன். "அப்ப நான் யாருக்காகக் கை தட்டறது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.


மார்ச் 22, ஞாயிறு

இடது. இடது. இடது.

மூச்சு மாஸ்டர் முள்ளைத் திருகிப் பார்த்தார். கொஞ்ச நேரம் சரி, கால் களைத்ததும் மறுபடி இடது. பிடியை மாற்றிப் பார்த்தார். மூச்சு என்றார். எனக்கு மூச்சு முட்டியது.


மார்ச் 26, வியாழன்

கண் டாக்டரிடம் போனேன். கண் அற்புதமாக இருக்கிறதாம். அற்புதம் என்று கேட்கக் கொடுத்த காசுக்கு ஒரு டப்பா குண்டு வாங்கியிருக்கலாம்.


மார்ச் 29, ஞாயிறு

ஆறாவது ஏழாவது இடத்தில் தத்தளிக்கிறேன். நான்கு எங்கே, நான் எங்கே. பல் டாக்டர் இரக்கப்பட்டு என் தோள் தளர்ந்திருக்கிறது என்று அறிவுரை சொன்னார். நன்றி டாக்டர், நன்றி. உங்கள் வாயில் பஞ்சு வைக்க.

வீட்டில் தினமும் நிற்கிறேனே. ஒருநாள் தவறாமல் நிற்கிறேனே. வீட்டில் கை ஆடுவதே இல்லை, தீக்குச்சி பொத்தானில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அதே கை, அதே ஆள். கிளப்புக்குப் போனதும் என்ன பேய் பிடிக்கிறது?


ஏப்ரல் 4, சனி

கண்டுபிடித்துவிட்டேன் கண்டுபிடித்துவிட்டேன் கண்டுபிடித்துவிட்டேன்.

சின்னவன் குளியலறை வாசலில் உட்கார்ந்து கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் எங்கே உருட்டினாலும் கோலி வளைந்து வந்து என் குதிகாலைத் தாண்டி, எனக்குப் பின்னால் மூலையிலுள்ள தண்ணீர்த் துளையில் போய் விழுந்தது. அவன் எடுத்தான், உருட்டினான். மறுபடி என் குதிகால், மறுபடி துளை. ஐந்தாறு தடவை பார்த்த பிறகு என் மரமண்டையில் விளக்கு எரிந்தது.

தரை சாய்ந்திருக்கிறது! குளியலறைத் தரை சாயத்தானே செய்யும்! இவர் தொழிலில் அதற்கு வாட்டம் என்று பெயர். தண்ணீர் தேங்காமல் துளைக்கு ஓட வைக்கும் சரிவு. ஒரு வருஷமாக நான் குதிகால் பள்ளத்திலும் விரல் மேட்டிலுமாக நின்று, பின்னால் விழாமலிருக்கத் தினமும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பழகியிருக்கிறேன். பக்கவாட்டில் நின்று சுடுபவளுக்கு முன்னால் என்பது இலக்குக்கு இடது. கிளப்பில் தரை சமம். சமமான தரையிலும் நான் எங்கள் குளியலறையில் நிற்கிற மாதிரியே நிற்கிறேன்!

இவர் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "என்னங்க, உங்க வாட்டம் என் ஆட்டத்தக் கெடுத்துடுச்சு" என்றேன். விஷயத்தை முழுக்கக் கேட்டார். பரிதாபப்படுவார் என்று பார்த்தால் ரோஷம் வந்துவிட்டது.

"அந்த வாட்டத்துல என்ன குறை? ஒரு சொட்டுத் தண்ணி நிக்குதா சொல்லு பாப்போம். தொழில்ல எவனும் என்னைக் குறை சொன்னது கிடையாது."

குறை சொல்லவில்லை, வாட்டம் பிரமாதம், அதுதான் பிரச்சினை என்று நான் விளக்க விளக்க, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது ஓடுவதைக் காட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டின்போதும் அதே பேச்சு. அவர் ஒட்டிய தரையை நான் திட்டியதாகவே முடிவு கட்டிவிட்டார்.


ஏப்ரல் 5, ஞாயிறு

கிளப்பிலிருந்து வந்தபோது குளியலறையில் ஒரு பலகை. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. மேலே ரசமட்டம் வைத்திருந்தார், குமிழி சரியாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

ஏறி நின்றேன். விழப் பார்த்தேன்! சமமான இடத்தில் எனக்கு நிற்கவே தெரியவில்லை.

சின்னவன் பலகை மேல் கோலியை வைத்தான். அது அங்கேயே இருந்தது. அவனுக்கு ஏமாற்றம்.


ஏப்ரல் 12, ஞாயிறு

நடு!

நடு, நடு, கொஞ்சம் மேல், நடு. பல் டாக்டர் தன் துப்பாக்கியை வைத்துவிட்டு என் அட்டையை வந்து பார்த்தார். மாஸ்டர் "பாத்தீங்களா, மூச்சு" என்றார். ஆமாம் மாஸ்டர், மூச்சுதான் என்றேன். எனக்குப் பெருந்தன்மை பொங்கி வழிந்தது. திரும்பும் வழியெல்லாம் பஸ் கண்ணாடியில் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தேன், பக்கத்து ஸீட்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.


ஏப்ரல் 17, வெள்ளி

பேக்கரியில் க்ரீம் குழாயைப் பிழியும் முன்னால் மூச்சை விடுகிறேனாம். முதலாளியம்மா சொன்னார். கேக் என்னைப் பார்த்துப் பயப்படுவது போலிருக்கிறதாம்.


ஏப்ரல் 25, சனி

நாளைக்கு.


ஏப்ரல் 26, ஞாயிறு

ஐந்தாவது.

அறுபது குண்டு. ஐம்பத்தைந்து குண்டு வரைக்கும் நான்காவது இடத்தில் இருந்தேன். கை என் கையாகவே இல்லை, ஏதோ தேவதையுடைய கை மாதிரி நின்றது. ஒரு குண்டுகூட இடப்பக்கம் போகவில்லை. அப்புறம் என்ன செய்தேன்? செய்யக் கூடாததைச் செய்தேன். முள்ளை விட்டுவிட்டு இலக்கைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம்தானே, எங்கே போய் விழுகிறது பார்ப்போம் என்று ஓர் ஆசை. ஒரே ஒரு தடவை. அது பத்துக்கு எட்டு. ஒரு புள்ளி வித்தியாசத்தில் பல் டாக்டர் நான்காவது.

ஒரே ஒரு புள்ளி. ஐயோ, ஒண்ணே ஒண்ணு.

இவரும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பெரியவள் கடைசியில் எனக்காகத்தான் கை தட்டினாள். வாயை மறைக்காமல் கத்தினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கை கழுவப் போகிற மாதிரி போய்க் குளத்தில் நின்று அழுதேன்.

திரும்பி வந்தால் இவர் சுடும் இடத்தில் துப்பாக்கியோடு நிற்கிறார்! விருந்தாளிக்கு ஐந்து குண்டு. மாஸ்டர் விடவில்லையாம். முதல் குண்டு அட்டையிலேயே இல்லை. இரண்டாவது பக்கத்து அட்டையில் விழுந்தது. மூன்று, நான்கு ஓரத்தில். ஐந்தாவது நட்டநடு. இவர் துப்பாக்கியைக் கீழே வைக்காமல் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கை கழுவப் போனவர் வெகுநேரம் கழித்து முழங்கால் வரை நனைந்து வந்தார்.


ஏப்ரல் 27, திங்கள்

சொன்ன சொல் சொல்தான். பால்கனிக் கதவிலிருந்து பொத்தானைப் பிய்த்தேன். பசை வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீக்குச்சியைக் கழற்றி, ட்ரில்லைத் துடைத்து, இவர் பையில் வைத்தேன். பலகையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரில் சாய்த்துவைத்தேன்.

நாத்தனாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "ஒரு புள்ளியா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அவன் என்ன, ஒரு பல்லு டாக்டர், அவனுக்கு எதுக்கு இலவசம்?" என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.


மே 2, சனி

பெரியவளுக்குக் கம்பி போட்டாயிற்று. வெளியே வந்தவள் சொன்னாள்: "அம்மா, அவர் என் வாய்க்குள்ள கைய வச்சுக்கிட்டு முழுக்க உன் கால் எப்படி நின்னுதுன்னே கேட்டுக்கிட்டிருந்தார். நான் எப்படிப் பதில் சொல்றது?"

சிரித்தேன். உண்மையாகச் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து தரையைத் துடைத்தேன், ஜன்னலைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன்.


மே 3, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு நீளமா? எப்போதிலிருந்து?

இவர் ஏதோ அவசர வேலை என்று ட்ரில்லோடு போய்விட்டார்.


மே 7, வியாழன்

இந்த வாரம் தினமும் தாமதமாக வருகிறார், உடம்பெல்லாம் சிமெண்ட். யாருடைய வீடு என்றால் ஒரு குளியலறை என்கிறார். எந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம் என்கிறார். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்த வயதில் இவர் எதை மறைப்பார்? கம்பிக்காகக் கூடுதல் வேலை எடுத்திருப்பார், என்னிடம் சொன்னால் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும் என்று பேசாமலிருக்கிறார் போலிருக்கிறது. பாவமாக இருந்தது. முதுகில் தைலம் தேய்த்துவிட்டேன்.


மே 10, ஞாயிறு

காலையில் எழுந்து பால்கனிக் கதவைத் திறக்கப் போனால், பொத்தான்!

அதே பசை வட்டத்தில், அதே உயரத்தில். சின்னவனைக் கூப்பிட்டு மிரட்டினேன். நான் இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பெரியவள் கம்பி தெரியச் சிரித்துக்கொண்டு அப்பாவைக் கை காட்டினாள். இவர் டீக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தேன். போட்டியன்று கிளப் குளியலறையில் தேங்கிய தண்ணீரில் முழங்காலிட்டுக் குனிந்தாராம். பார்த்ததுமே தெரிந்ததாம், வாட்டத்தைத் தலைகீழாக விட்டிருக்கிறார்கள், துளை மேட்டில் இருக்கிறது, தண்ணீர் எந்த ஜென்மத்தில் போகும்? அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லையாம். மறுநாளே போய் மாஸ்டரிடம் பேசியிருக்கிறார். தரை முழுவதையும் பெயர்த்துப் புதிதாக ஒட்டித் தருகிறேன், கூலி வேண்டாம், பதிலுக்கு ஒரு வருஷம் இடமும் துப்பாக்கியும் தாருங்கள் என்று. குண்டு நம் செலவு. மாஸ்டர் மூச்சு விடாமல் சரி என்றாராம்.

இந்த மனுஷன் ஒரு வாரமாக முதுகொடிந்தது எனக்காக. தைலம் தேய்த்தபோதுகூட வாயைத் திறக்கவில்லையே. "எனக்காகவா?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ம்" என்றார். டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ரெண்டு பேருக்குப் பேசியிருக்கேன்" என்றார்.

"ரெண்டாவது யாரு? பெரியவளா? அவளுக்கு இன்னும் வயசு வரலையே."

இவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார்.

"அந்த அஞ்சாவது குண்டு" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கா தெரியாது?


மே 17, ஞாயிறு

இருவரும் கிளப் போனோம். பிள்ளைகளை நாத்தனார் பார்த்துக்கொண்டார். கிளப் குளியலறை எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. எல்லோரும் உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பல் டாக்டர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்று, பத்தையும் கண்ட இடத்தில் சுட்டார். மூச்சு என்றார் மாஸ்டர்.

பஸ்ஸில் வரும்போது ஒரு டப்பா குண்டு போதுமா, இரண்டாக வாங்கிவிடலாமா என்று கேட்டார். நான், நான்தான் இதை எழுதுகிறேன், "இப்ப எதுக்கு வீண் செலவு?" என்றேன்.


மே 28, வியாழன்

வேலைக்கு இன்னொரு ட்ரில் தேவைப்படுகிறது என்று வாங்கி வந்திருக்கிறார். வேலைக்காம். வேலைக்கு வாங்கிய ட்ரில்லின் முனையில் தீக்குச்சி எதற்கு என்று கேட்கவில்லை.


ஜூன் 9, செவ்வாய்

பேக்கரிக்கு இரண்டு கல்யாண கேக் ஆர்டர். சீக்கிரம் போக வேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் குளியலறைக் கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே பலகை மேல் இவர், இடக்கை இடுப்பில், வலக்கை நேராக. கண் தீக்குச்சியில். நான் நின்றதே தெரியவில்லை.

பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷமாகக் குனிந்தே வேலை பார்க்கிற ஆள். இவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"என்னங்க, எனக்கு நேரமாச்சு" என்றேன்.

"ரெண்டே ஷாட்" என்றார்.

குனிந்து, கோட்டுக்கு அடியில் தவழ்ந்து, சமையலறைத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டேன்.